சோதனை இல்லாத மைதானமும் அனுமதிதான்: தடகளச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாநில, மாவட்டத் தடகளச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் துறைகளின் தேர்வுக் குழுவினருக்கும்:

இந்தப் பருவத்துக்கான போட்டிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் எவ்வளவு, வயதுச் சான்றில் யார் கையெழுத்து வேண்டும், செயற்கைத் தடத்தில் ஸ்பைக்ஸ் ஆணி 9 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது என்பதுவரை எல்லாம் இருக்கிறது. ஊக்கமருந்துச் சோதனை பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, "அது நாடாவோட வேலை" (நாடா என்பது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை). மற்றொன்று அண்மைக் காலமாக அதிகம் காதில் விழுவது: "எல்லாரும்தான் போடுறாங்க சார். பேசாம அனுமதிச்சிட்டு, டாக்டரை வெச்சுப் பாத்துக்கிட்டா பிரச்சினையே இல்ல."

முதல் பதிலைச் சோம்பல் என்று விட்டுவிடலாம். இரண்டாவதை விட முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் நுழைவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் அதைச் சொல்கிறார்கள்.

அனுமதித்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் லாஸ் வேகாஸில் 2026 மே மாதத்துக்கு அறிவிக்கப்பட்ட 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' போட்டியைக் காட்டுகிறார்கள். ஊக்கமருந்துக்குத் தடையில்லாத போட்டி. 100 மீட்டர் ஓட்டத்திலோ 50 மீட்டர் நீச்சலிலோ உலகச் சாதனையை முறியடித்தால் 10 லட்சம் டாலர் என்று விளம்பரம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சோதனை அதிகாரி எட்டிப் பார்க்காத எந்த மாவட்ட மீட்டும் தடையில்லாத போட்டிதான். பரிசுத் தொகை குறைவு, ஓடுகிறவர்களுக்கு வயது குறைவு, மேற்பார்வைக்கு மருத்துவர் கிடையாது. அனுமதிக்கலாமா என்பதை நீங்கள் இனிமேல்தான் விவாதிக்கப்போவதாக நினைக்கிறீர்கள். சுற்றறிக்கையில் அந்த ஒரு வரியை விட்டபோதே முடிவெடுத்துவிட்டீர்கள்.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி நடந்தது. ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியக் கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்த காணொளி வெளியாயிற்று. நாடாவின் ஆட்கள் வந்திறங்கிய நாளில், ஆண்கள் 100 மீட்டர் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்ற எட்டுப் பேரில் ஒரே ஒருவர்தான் ஓடினார். ஒரு ஜூனியர் ஸ்டீபிள்சேஸ் வீராங்கனை எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓட, மாதிரி எடுக்க வந்தவர் பின்னாலேயே ஓடிய செய்தியும் வந்தது. நாடெங்கும் சிரித்தார்கள். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் மாநில மீட் நடத்தும் ஊர்களில் இருந்தார்கள். தங்கள் மைதானத்துக்கு அந்த வண்டி வந்திருந்தால் எத்தனை பேர் தடத்தில் நின்றிருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

எண்கள் வேண்டும் என்றால்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் (வாடா) கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 3,865 மாதிரிகளில் 125-இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. 2023-இல் 5,606-இல் 213. 2024-இல் 7,113-இல் 260. "சோதனை கூடியது, அதனால் எண்ணிக்கை கூடியது" என்று விளக்கம் சொல்கிறார்கள். விகிதத்தைப் பாருங்கள்: 3.2, 3.8, 3.7 சதவீதம். உலகச் சராசரி 1 சதவீதத்துக்கும் கீழே. மாட்டிய சிறார்களின் எண்ணிக்கையில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு என்று வாடாவே 2024 தொடக்கத்தில் சொன்னது. இவையெல்லாம் சோதனைக்குள் வந்தவர்களின் கணக்கு. மாவட்ட மீட்டில் ஓடுகிறவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஏன் போடுகிறார்கள் என்பதற்கு ஒலிம்பிக் வரை போக வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீதமும், காவலர் தேர்வில் 10 சதவீதமும் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு. முதலமைச்சர் கோப்பையில் தனிநபர் தங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய். இவை நல்ல ஏற்பாடுகள். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டத்தால் ஒரு வாழ்க்கை கிடைப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒதுக்கீட்டுக்குக் காட்டும் ஒரு 'பார்ம் 2' விளையாட்டுச் சான்றிதழுக்கு எவ்வளவு விலை உண்டோ, அதைப் பெறுவதற்கான ஊசிக்கும் அந்த அளவுக்குச் சந்தை உண்டு. தேர்வுக் குழுவினரே, நீங்கள் சான்றிதழின் முத்திரை உண்மையா என்று சரிபார்க்கிறீர்கள். அந்த ஓட்டம் உண்மையா என்று கேட்பதில்லை.

மைதானத்தில் நிற்கிறவர்களுக்கு அறிகுறிகள் தெரியும். 100 மீட்டரில் இரண்டு ஆண்டுகளாக 11.2 விநாடியில் நின்ற பையன் ஒரே பருவத்தில் 10.7-க்கு வருவான். மாநில மீட்டில் தங்கம். தேசியப் போட்டிக்குப் பெயர் போகும். கடைசி நேரத்தில் "தொடையில பிடிச்சிருச்சு" என்று ஹீட்ஸில் (தகுதிச் சுற்றில்) நிற்க மாட்டான். தேசியப் போட்டியில் சோதனை உண்டு, மாநிலத்தில் இல்லை என்பதுதான் அந்தப் பிடிப்பு. முதுகிலும் தோளிலும் கொத்தாக முகப்பரு, மூன்று மாதத்தில் மாறிய தாடை, பெண் பிள்ளைகளுக்குக் கரகரத்த குரல். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். எல்லாம் ஒரே ஆளிடம், ஒரே பயிற்சியாளரின் நான்கைந்து பிள்ளைகளிடம் ஒரே பருவத்தில் வந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

சில நேரம் தொடைப் பிடிப்பு உண்மையாகவே வரும். அதற்கும் இதே காரணம் இருக்கக் கூடும். ஸ்டீராய்டு (ஆண் ஹார்மோன் போன்ற மருந்து) தசையின் பலத்தைச் சில வாரங்களில் ஏற்றிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அந்த வேகத்தில் வலுப்பெறாது. ரத்த ஓட்டம் குறைந்த திசு அது, மெதுவாகத்தான் தேறும். 60 மீட்டரைத் தாண்டி முழு வேகத்தில் போகும்போது, பின்தொடைத் தசை தசைநாணோடு சேரும் இடத்தில் கிழிகிறது. ஆறு வாரம் ஓய்வு என்று சொல்லி அனுப்புவார்கள். மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டு மூன்றாவது வாரமே வந்து நிற்பான்.

அந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று போடுகிறவருக்கே தெரியாது. அதிகம் மாட்டுகிறவை ஸ்டானோசோலால், மெத்தன்டியெனோன், நான்ட்ரோலோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஸ்டீராய்டுகள். மெத்தன்டியெனோன் போல மாத்திரையாக விழுங்குபவை, ஈரலில் எளிதில் சிதையாதபடி மாற்றி அமைக்கப்பட்டவை. அதனாலேயே ஈரலைக் கெடுக்கின்றன. எதுவாக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் ஹார்மோனைப் பார்த்ததும் மூளை தன் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. விதைப்பை வேலையை நிறுத்துகிறது. 'கோர்ஸ்' முடிந்ததும் மாதக்கணக்கில் சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு. "ஃபார்ம் போயிடுச்சு" என்று பயிற்சியாளர் அடுத்த கோர்ஸைத் தொடங்குகிறார். நல்ல கொழுப்பு சரிகிறது, இதயத்தின் இடக் கீழறைச் சுவர் தடிக்கிறது. வளரும் பிள்ளைக்கு எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். அதோடு உயரம் நின்றுவிடும். பெண்ணின் குரல் ஒருமுறை தடித்தால் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி திரும்பாது.

இன்னொன்று மெஃபென்டெர்மின். தண்டுவட மயக்க மருந்து கொடுக்கும்போது சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்க அறுவை அரங்கில் வைத்திருக்கும் ஊசி. அது ஜிம்முக்கு வந்து, ஜிம்மிலிருந்து மைதானத்துக்கு வந்துவிட்டது. களைப்பைத் தெரியவிடாது, அதுதான் ஆபத்து. மே மாதம், பிற்பகல் இரண்டரை மணி, 5,000 மீட்டர். உடம்பு "நில்" என்று சொல்வதைக் கேட்கவிடாமல் செய்யும் மருந்தோடு ஒரு பிள்ளையை அந்த வெயிலில் ஓடவிடுவது என்ன என்று எந்த அவசரப் பிரிவு மருத்துவரையும் கேளுங்கள். 1967-இல் பிரான்ஸின் மான் வான்டூ மலையேற்றத்தில், ஆம்ஃபெட்டமின் எடுத்திருந்த சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் வெப்பத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். இதே வகைக் கோளாறுதான்.

போதாததற்கு ஒரு குப்பியைப் பங்கு போட்டு, ஒரே ஊசியில் மூன்று பேர். பிட்டத்தில் மேல்-வெளிப் பகுதி தவிர வேறு இடத்தில் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் படும் என்று குத்துகிறவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சீழ்க்கட்டி, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் இந்த வழியிலும் வரும்.

"அதனால்தான் டாக்டர் மேற்பார்வையில் அனுமதிக்கச் சொல்கிறோம்" என்பீர்கள். மேற்பார்வையில் நடந்ததற்கு வரலாறு உண்டு. கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் அரசுத் திட்டமாகவே நடந்தது. விளையாட்டு மருத்துவர்கள் இருந்தார்கள், ஆய்வகம் இருந்தது, அளவுக் குறிப்பேடுகள் இருந்தன. வைட்டமின் என்று சொல்லிப் பதின்வயதுப் பெண்களுக்கு ஓரல்-டுரினாபோல் மாத்திரை கொடுத்தார்கள். 1986-இல் ஐரோப்பியக் குண்டு எறிதல் பட்டம் வென்ற ஹைடி க்ரீகர் அந்த மாத்திரைகளில் வளர்ந்தவர். பின்னாளில் ஆணாக மாறி ஆண்ட்ரியாஸ் க்ரீகர் ஆனார், தன்னைக் கேட்காமலே அந்த முடிவைத் தன் உடம்பில் எடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். 2000-இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டையும் மருத்துவர் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்றது. பதக்கத்துக்குச் சம்பளம் வாங்கும் மருத்துவர் பதக்கத்தைத்தான் கவனிப்பார்.

"சரி, பாதுகாப்பான ஓர் எல்லை வைத்து அதுவரை அனுமதிக்கலாமே?" அதையும் செய்து பார்த்தாயிற்று. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்த அணு ஊறக் கொடுக்கும் ஈ.பி.ஓ. ஊசி தொண்ணூறுகளில் சைக்கிள் பந்தயத்தை விழுங்கியது. அதை நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது இல்லை. அதனால் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 1997-இல் ஒரு விதி கொண்டுவந்தது: ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு ஆண்களுக்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் அன்று ஓட்டக் கூடாது. பாதுகாப்புக்கு வைத்த எல்லை இலக்காக மாறிற்று. அணி மருத்துவர்கள் ரத்தத்தைச் சுழற்றி அளக்கும் கையடக்கக் கருவியோடு விடுதி அறைகளில் உட்கார்ந்து, வீரர்களை 49-க்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இயல்பாகவே 47 உள்ளவனுக்கு எல்லைவரை மூன்று புள்ளி லாபம். 41 உள்ளவனுக்கு ஒன்பது. திறமையை அளக்கும் போட்டி, மருந்துக்கு யார் உடம்பு அதிகம் இசைகிறது என்று அளக்கும் போட்டியாயிற்று. 1999-இல் இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருந்த மார்கோ பன்டானி, 52 காட்டியதால் இரண்டு கட்டங்களே மிச்சமிருந்தபோது வெளியேற்றப்பட்டார். இனி யாராவது "எல்லை வைத்து அனுமதி" என்று கூட்டத்தில் பேசினால், இந்த வரலாற்றுக்கு அவரிடம் என்ன பதில் என்று கேளுங்கள்.

என்ஹான்ஸ்டு கேம்ஸுக்காக 2025-இல் க்ரிஸ்டியன் கொலொமேவ் 50 மீட்டர் நீச்சலை 20.89 விநாடியில் முடித்ததைச் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2009-லிருந்து நின்ற 20.91-ஐ விட 0.02 விநாடி குறைவு. அதோடு 2010 முதல் தடை செய்யப்பட்ட பாலியூரித்தேன் நீச்சல் உடையையும் அணிந்திருந்தார். மருந்தும் உடையும் சேர்ந்து கொடுத்தது அவ்வளவுதான்.

தடை முறை பழுதில்லாதது என்று நாங்கள் வாதிடவில்லை. அனுமதி கோருகிறவர்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு: தெரியாமல் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இருமல் மருந்தில் டெர்புடலின் இருந்ததால் 2019-இல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 8 மாதத் தடை. அவருக்கே அப்படியென்றால் ஊர் மருந்துக் கடையில் "சளிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்கும் ஹாஸ்டல் பிள்ளை எம்மாத்திரம்? இதைச் சொல்லித்தர ஒரு பிற்பகல் போதும். நீங்கள் ஒதுக்கியதில்லை. ஆகவே இங்கேயே எழுதுகிறோம். நகல் எடுத்து ஒவ்வொரு மாவட்டச் செயலாளருக்கும் அனுப்புங்கள்.

இழுப்பு உள்ள பிள்ளைக்கு சால்பியூடமால் இன்ஹேலர் அனுமதிக்கப்பட்டதே, 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமுக்கு மிகாமலும், எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமலும். அதே மருந்து சிரப்பாகவோ மாத்திரையாகவோ போனால் தடை. டெர்புடலின் எந்த வடிவிலும் தடை. இருமல் சிரப் புட்டியின் பின்புறச் சிறு எழுத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்க வேண்டும். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் சில கிளினிக்குகளில் போடும் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் ஊசிகள் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தின இரவு 11.59-க்குத் தொடங்குகிறது. ஆனால் இவ்வகை மருந்துகள் உடம்பை விட்டுப் போக நாள் வேண்டும்: வாய்வழி எடுத்த ப்ரெட்னிசலோனுக்கு 3 நாள், தசையில் போட்ட டெக்சாமெத்தசோனுக்கு 5 நாள், டிரையம்சினலோனுக்கு 60 நாள். வலி மாத்திரை டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை.

பலருக்கும் தெரியாதது டிரிப்ஸ். ஹீட்ஸ் முடிந்த களைப்புக்கு மாலையில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் ரத்தக் குழாய் வழி ஏற்றினால், அது வெறும் உப்புநீராக இருந்தாலும் விதிமீறல். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றின்போது ஏற்றியதற்கு மட்டுமே விலக்கு. ஒரு பாட்டில் 500 மி.லி. உண்மையிலேயே நோய் இருந்து தடை செய்யப்பட்ட மருந்து தேவைப்பட்டால், சிகிச்சைக்கான விலக்கு கோரி மருத்துவ ஆவணங்களோடு போட்டிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். புரோட்டீன் டப்பா, லேகியம், 'ப்ரீ-ஒர்க்அவுட்' பொடி எல்லாவற்றிலும் முகப்பில் எழுதாதது உள்ளே இருக்க வாய்ப்புண்டு. 2011-இல் இந்தியாவின் 4x400 தொடர் ஓட்டப் பெண்கள் மெத்தன்டியெனோனில் மாட்டியபோது, பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரையில் இருந்தது என்றார்கள். விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் தண்டனையை 2 ஆண்டாக உயர்த்தியது. உடம்புக்குள் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதுதான் விதி.

இனி சோதனை நடத்துவதைப் பற்றி. "வசதி இல்லை" என்ற பதிலை ஏற்க முடியாது. வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு அல்ல: பூட்டக்கூடிய ஓர் அறை, அதை ஒட்டிய சுத்தமான கழிப்பறை, மேசை, நாற்காலி, சீல் உடையாத தண்ணீர் பாட்டில்கள், வெளியே காத்திருக்க இடம். வீரரிடம் அறிவிப்புக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, அறைக்குள் போகும்வரை கண்ணை எடுக்காமல் கூடவே நடக்க ஆண், பெண் உதவியாளர்கள். இந்த உதவியாளர்கள் இல்லாத இடத்தில்தான் எல்லாம் கோட்டை விடப்படுகிறது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் நான்கு வழி திறந்திருந்தால் அறிவிப்புக் கொடுக்குமுன்பே ஆள் பஸ் ஏறிவிடுவான். அறிவிப்பு வாங்கியபின் ஓடினால் அதற்கே 4 ஆண்டுவரை தடை உண்டு. வாங்காமல் ஓடியவன் தப்பித்தான் என்பதை நிரூபிப்பது கடினம். ஓட்டம் முடிந்தவர்கள் ஒரே வழியாக வெளியேறும்படி கயிறு கட்டுவதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

உள்ளே நடப்பதும் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாததால் பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. குறைந்தது மூன்று சீலிட்ட பெட்டிகளில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கலாம். புட்டியிலும் மூடியிலும் எண் ஒன்றா என்று பார்க்கலாம். தன் பாலினத்தவர் ஒருவர் முன்னிலையில் குறைந்தது 90 மி.லி. சிறுநீர் கொடுக்க வேண்டும்: 'ஏ' புட்டிக்கு 60, 'பி' புட்டிக்கு 30. மிச்சத்தில் அடர்த்தி பார்ப்பார்கள்; பதற்றத்தில் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மாதிரி நீர்த்துப்போய் இரவுவரை உட்கார வேண்டியிருக்கும். கடந்த 7 நாளில் எடுத்த மருந்துகளைப் படிவத்தில் எழுத வேண்டும், டோலோவாக இருந்தாலும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வரலாம்; வர வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத ஒருவர் முன் தனியாக நிறுத்திவிட்டு, மேலாளர் டீ குடிக்கப் போகக் கூடாது.

முடிவு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு உதாரணமே இருக்கிறது. 2019 மார்ச்சில் பாட்டியாலா ஃபெடரேஷன் கோப்பையில் கோமதி மாரிமுத்துவிடம் மாதிரி எடுத்தார்கள். அதன் முடிவு கைக்கு வருமுன்பே ஏப்ரலில் அவர் தோகா போய் ஆசிய 800 மீட்டர் தங்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. பிறகு பாட்டியாலா மாதிரியிலும் தோகா மாதிரியிலும் நான்ட்ரோலோனின் தடயம் வந்து, பதக்கம் போய், 4 ஆண்டுத் தடை வந்தது. தவறில்லை என்று அவர் வாதிட்டார், தீர்ப்பு மாறவில்லை. மார்ச் முடிவு மார்ச்சிலேயே வந்திருந்தால் அந்தப் பெண்ணைத் தூக்கி வைத்துக் கீழே போட்டிருக்க மாட்டோம்.

எல்லா வழக்கிலும் தண்டனை ஓடியவருக்கு. ஊசி வாங்கி வந்தவர் அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளைகளோடு அதே கேலரியில் உட்கார்ந்திருக்கிறார். சில ஊர்களில் அவருக்குப் பொன்னாடையும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பில் வழி இல்லாமல் இல்லை: சிறார் ஒருவர் மாட்டினாலோ, ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் மாட்டினாலோ, அந்தப் பயிற்சியாளர் மீது தானாகவே விசாரணை தொடங்க வேண்டும். யார் யாரிடம் பயிற்சி பெறுகிறார்கள் என்ற பதிவே உங்களிடம் இல்லாதபோது யாரை விசாரிப்பது?

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

மாநில அளவிலான ஒவ்வொரு போட்டிக்கும் முன்கூட்டியே நாடாவுக்கு எழுதிச் சோதனைக் குழு கேளுங்கள். எந்தப் போட்டிகளில், எத்தனையாவது இடத்தில் வந்தவர் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். சங்கத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவை விலக்க வேண்டாம். முடிவு வரும்வரை சான்றிதழையும் பரிசுத் தொகையையும் நிறுத்தி வையுங்கள். இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்று, மருத்துவச் சான்று இல்லாமல் ஓடாதவர்களின் பட்டியலை அன்றே நாடாவுக்கு அனுப்புங்கள்.

நுழைவுப் படிவத்தில் பயிற்சியாளரின் பெயரையும் கையெழுத்தையும் கட்டாயமாக்குங்கள். தன் பிள்ளைகளில் இருவர் மாட்டிய பயிற்சியாளருக்கு, விசாரணை முடியும்வரை மைதானத்தில் அனுமதி அட்டை தரக் கூடாது.

ஊசி இல்லா விதியைச் சுற்றறிக்கையில் அச்சிடுங்கள். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் வீரர் குடியிருப்பில் ஊசி கிடந்ததற்காக இரண்டு இந்திய வீரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே விதி மாவட்ட மீட்டுக்கும் பொருந்தட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரின் கடிதத்தோடு பதிவு செய்துகொள்ளலாம். கழிப்பறைகளைக் காலை, மதியம், மாலை பார்வையிட்டு, கிடைக்கும் குப்பிகளின் பெயரை எழுதி வைத்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் நாடாவுக்கும் நகல் அனுப்புங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத இந்த ஊசிகள் எந்தக் கடையிலிருந்து வந்தன என்று தேட அவர்களுக்கு அது உதவும்.

தேர்வுக் குழுவினருக்கு இரண்டு. நாடா வெளியிடும் தடைப் பட்டியலோடு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒப்பிடுங்கள். சோதனையே நடக்காத போட்டியில் பெற்ற சான்றிதழை, இன்றிலிருந்து ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்து, அதன்பின் ஒதுக்கீட்டுக்கு ஏற்பதில்லை என்று அறிவியுங்கள். அந்த அறிவிப்பு வந்தால், வசதி இல்லை என்கிற சங்கங்களுக்கு வசதி எப்படியோ பிறக்கும்.

மருந்து பற்றிய வகுப்பு ஒவ்வொரு மாவட்டத்திலும் பருவம் தொடங்குமுன் ஒரு முறை, தமிழில், பெற்றோரையும் சேர்த்து நடக்க வேண்டும். மருந்தின் பெயரைத் தட்டினால் தடை உண்டா என்று காட்டும் நாடாவின் செயலியை அங்கேயே எல்லாருடைய கைபேசியிலும் ஏற்றிக் காட்டுங்கள்.

திருத்திய சுற்றறிக்கையை நுழைவுப் பதிவு முடியும் தேதிக்குள் வெளியிடுங்கள். வெளியிட முடியாது என்றால், "இப்போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை நடைபெறாது" என்ற வரியையாவது அதே சுற்றறிக்கையில், உங்கள் கையெழுத்துக்கு மேலே அச்சிடுங்கள்.

மாவட்ட, மாநில அளவில் பயிற்சி அளிக்கும் தடகளப் பயிற்சியாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், விளையாட்டு இயன்முறை மருத்துவர்கள்